மச்சினன் கெடுத்த வண்டி

அந்தத் தெருவில் ஷெட் உள்ள வீடு ஒன்றே ஒன்றுதான். ஷெட்டுக்குள், இரண்டு பேர் மட்டுமே உட்காரக்கூடிய பழைய சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார் ஒன்று தார்ப்பாயைப் போர்த்திக்கொண்டு வருஷக்கணக்காகப் படுத்திருந்தது. வீட்டுக்காரர் கடைத்தெருவில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பவர். ஆனாலும் தெருவில் அவருக்குப் பெயர் ரேஸ்காரர். அந்த ரேஸ்காரர் தினமும் கடைக்குப் போவது பஸ்ஸில், அதிலும் பாதி நாள் கம்பியைப் பிடித்துத் தொங்கிக்கொண்டு. அதைப் பார்த்து யாரும் வாய்விட்டுச் சிரிப்பதில்லை. சிரித்தால் அவர் நிறுத்திவைத்துக் கதை சொல்ல ஆரம்பித்துவிடுவார். சிரித்தவரின் பஸ்ஸும் போய்விடும்.

கதை இதுதான். அவருக்குக் கல்யாணமாகிச் சில வருஷம் கழித்து, காரில் ஹெட் கேஸ்கட் போய்விட்டது. என்ஜினின் கீழ்ப்பாகம் பிளாக். அதன் மேல் கனமான மூடி மாதிரி உட்காருவது ஹெட். இரண்டுக்கும் நடுவில், நெருப்பும் தண்ணீரும் எண்ணெயும் ஒன்றோடொன்று கலந்துவிடாமல் காவல் காக்கிற ஓட்டை ஓட்டையான மெல்லிய தகடுதான் கேஸ்கட். வண்டியை மெக்கானிக்கிடம் விட ரேஸ்காரருக்கு மனசு வரவில்லை. "மயிரிழை பிசகாம லென்ஸ் அரைக்கிற கை இது. இந்த இரும்பை மாட்டத் தெரியாதா?" என்று தானே கழற்றி, தானே மாற்றி, தானே ஓட்டியும் காட்டினார். தெருவே வந்து வேடிக்கை பார்த்தது. வீட்டம்மாவைப் பக்கத்தில் உட்காரவைத்துக் கடைத்தெரு வரைக்கும் போய்த் திரும்பினார். அதற்கப்புறம் கொஞ்ச நாள் அவர் கால் தரையில் பாவவில்லை.

வீட்டம்மாவின் தம்பி ஒருவர் உண்டு. பள்ளிக்கூடத்தில் டிராயிங் வாத்தியார். அக்காவுக்குப் பக்கத்திலேயே இருக்கலாமென்று புதுப் பெண்டாட்டியோடு தெருக்கோடி வீட்டுக்குக் குடிவந்திருந்தார். பரம சாது, தெருநாய் வழியில் படுத்திருந்தால்கூட அதை எழுப்பாமல் சுற்றிக்கொண்டு போகிறவர். அவர் ஒருநாள் தலையைச் சொறிந்துகொண்டு வந்து நின்றார். மலைக்கு மேலே போய்ப் பார்க்க வேண்டுமென்று அவளுக்கு ஆசை, ஒரே ஒரு நாள் வண்டி கிடைக்குமா, மாமா? ரேஸ்காரர் வள்ளல் மாதிரி சாவியை நீட்டினார். "சூடு காட்டுற முள்ளு மேல மட்டும் ஒரு கண்ணு வச்சுக்கோ மாப்ளே. சிவப்புப் பக்கம் போச்சுன்னா உடனே ஓரங்கட்டிடு."

மலைப்பாதையில் பாதிகூட ஏறவில்லை, வண்டி பொங்கிவிட்டது. ஆவி பறந்தது, தண்ணீர் பீறியது, என்ஜின் நின்றே போனது. பொழுது சாய்கிறவரைக்கும் புதுப்பெண் ரோட்டோரக் கல்லில் உட்கார்ந்திருந்தாளாம். கடைசியில் முட்டைக்கோஸ் லாரி ஒன்று காரைக் கயிறு கட்டி இழுத்துக்கொண்டு தெருவுக்குள் நுழைந்தது. ரேஸ்காரர் வாசலில் நின்ற மேனிக்கே பிடித்துக்கொண்டார்.

"முள்ளைப் பாருன்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேனா இல்லையா? பொண்டாட்டி மூஞ்சியையே பாத்துட்டு ஓட்டினா வண்டி கொதிக்காம என்ன செய்யும்? என் கையால பூட்டின என்ஜின்! ஒரே நாள்ல நாசமாக்கிட்டியே!"

வாத்தியார் ஏதோ சொல்ல வாயெடுத்தார். கேட்பார் இல்லை. புதுப்பெண் சேலையில் புழுதியோடு லாரியைவிட்டு இறங்கி, யார் முகத்தையும் பார்க்காமல் வீட்டைப் பார்த்து நடந்தாள்.

அன்றைக்கு வேடிக்கை பார்க்கக் கூடிய கூட்டத்தில் தெருமுனைச் சலூன்காரரும் நின்றிருந்தார். அவர் காதில் ஒன்று விழுந்தால் அதை ஊர்க் காதுகளில் எல்லாம் ஏற்றாமல் விடமாட்டார். தொழிலும் அதற்குத் தோதானது, காதுக்குப் பக்கத்திலேயே நிற்கிற தொழில். மறுநாளே வாத்தியாருக்குக் 'கொதிப்பு' என்று பெயர் விழுந்தது. ஜென்மத்தில் கோபமே வராத மனுஷனுக்குக் கொதிப்பு என்று பெயர்! புதிதாகக் குடிவருகிறவர்கள் அந்தப் பெயரைக் கேட்டு அவரிடம் பேசவே தயங்குவார்கள். பேசிப் பார்த்த பிறகு, பெயர் வைத்தவர்களைச் சந்தேகத்தோடு பார்ப்பார்கள். பள்ளிக்கூடத்துக்கும் பெயர் போய்ச் சேர்ந்தது. கரும்பலகையில் ஆவி பறக்கிற பானையை வரைந்துவைத்துவிட்டுப் பிள்ளைகள் காத்திருப்பார்கள்; வாத்தியார் அதில் கைப்பிடி கோணலாக இருப்பதைத் திருத்திவிட்டுப் பாடத்தை ஆரம்பிப்பார்.

அன்றோடு மாமனுக்கும் மச்சினனுக்கும் பேச்சு நின்றது. வீட்டம்மா மட்டும் மூடிய பாத்திரமும் கையுமாக இரண்டு வீட்டுக்கும் நடந்துகொண்டிருந்தாள். ரேஸ்காரர் வண்டியைச் சரிசெய்யவுமில்லை, விற்கவுமில்லை. சரிசெய்துவிட்டால் சாட்சி போய்விடுமே! யாராவது ஷெட் பக்கம் எட்டிப் பார்த்தால், தார்ப்பாயின் ஒரு முனையைத் தூக்கிக் காட்டி, "மச்சினன் கெடுத்த வண்டி" என்பார், நோயாளியைக் காட்டுகிற குரலில்.

வாத்தியாரின் மனைவி நோயில் விழுந்து இறந்துபோனபோதும் ரேஸ்காரர் போனார், செருப்பு கழற்றிவிடுகிற இடத்திலேயே நின்றார், வந்துவிட்டார்.

இப்படியே போயிருக்கும். இந்த வருஷம் வாத்தியாருக்கு வேலையிலிருந்து ஓய்வு வந்தது. மகள் வேறு ஊரில் இருக்கிறாள். அப்பா தனியாகக் கிடக்க வேண்டாம், வீட்டைக் காலி செய்துவிட்டு வந்துவிடுங்கள் என்றாள். அடுத்த வாரக் கடைசியில் சாமான் ஏற்ற லாரி வருகிறதென்று வீட்டம்மா செய்தி கொண்டுவந்தாள்.

"தம்பி ஒரேயடியாப் போறான். ஒரு வார்த்தை பேசிடுங்க. பேசினா வாயிலிருந்து முத்தா உதிர்ந்துடும்?"

"பேசத்தான் போறேன். வண்டியில போய்ப் பேசுறேன்."

"எந்த வண்டியில?"

"நம்ம வண்டியில."

"அப்ப அவன் பேத்திக்குக் கல்யாணம் ஆகும்போது பேசுவீங்க" என்று சொல்லிவிட்டு அவள் அடுப்பங்கரைக்குள் போய்விட்டாள்.

ஆனால் ரேஸ்காரர் விளையாட்டாகச் சொல்லவில்லை. சேதி காதில் விழுந்த நிமிஷத்திலேயே அவர் மனசுக்குள் படம் ஓடத் தொடங்கிவிட்டது. சிவப்புக் கார் உறுமிக்கொண்டு போய்த் தெருக்கோடி வீட்டு வாசலில் நிற்கிறது. இவர் இறங்குகிறார். மச்சினன் திகைத்துப் போய் நிற்கிறான். "நீ கெடுத்ததை நான் சரிபண்ணிட்டேன் மாப்ளே. போனது போகட்டும், விடு" என்று தோளில் தட்டுகிறார். மன்னிக்கிறவன் வண்டியில் போய் இறங்கி மன்னித்தால்தானே எடுப்பாக இருக்கும்!

கடையை வேலையாளிடம் ஒப்படைத்துவிட்டுத் தார்ப்பாயை உருவினார். ஒரு வண்டித் தூசி கிளம்பியது. தும்மிக்கொண்டே வேலையில் இறங்கினார். ரேடியேட்டரைத் திறந்துவிட்டதும் துருக் கஷாயம் மாதிரி ஏதோ வடிந்தது. அடியில் எண்ணெயைப் பிடித்தால், அது பால் ஊற்றிய காபி நிறத்தில் இருந்தது. தண்ணீர் கலந்துவிட்ட அடையாளம். கார்புரேட்டரைக் கழற்றினார். புகைக்குழாயின் நட்டுகள் அசைய மறுத்தன. எண்ணெய் விட்டு, சூடு காட்டி, கெஞ்சி, கெட்ட வார்த்தை சொல்லி ஒவ்வொன்றாக வழிக்குக் கொண்டுவந்தார். கழற்றிய நட்டையும் வாஷரையும் கடையிலிருந்து கொண்டுவந்த லென்ஸ் தட்டுகளில் அறை அறையாகப் பிரித்து வைத்தார். ஷெட் சுவரில் கண் சோதிக்கிற பழைய எழுத்து அட்டை ஒன்று தொங்கிக்கொண்டிருந்தது. வேலைக்கு நடுவே நிமிர்ந்து, கடைசி வரி தெரிகிறதா என்று பார்த்துக்கொள்வார். தெரியாது. "வெளிச்சம் பத்தல" என்று தனக்குத்தானே சொல்லிக்கொள்வார்.

ஹெட்டைத் தூக்குவது இரண்டு ஆள் வேலை. இரும்புச் சங்கிலியை விட்டத்தில் போட்டு, ஒற்றை ஆளாக இழுத்துப் பெயர்த்தார். சத்தத்தோடு அது விட்டுக்கொடுத்தது. ஓரமாக இறக்கி வைத்துவிட்டு, பிளாக்கின் மேல் அப்பிக்கிடந்த பழைய கேஸ்கட்டை முனை மடங்காமல் உரித்தெடுத்தார். எதிலும் சுத்தம் பார்க்கிற மனுஷர். பெட்டியிலிருந்து புதுக் கேஸ்கட்டை எடுத்து, பழையதன் பக்கத்தில் வைத்து ஓட்டைகளை ஒத்துப்பார்த்தார்.

ஒத்துப்போகவில்லை.

தப்பான சாமானைக் கொடுத்துவிட்டான் என்று முதலில் உதிரிபாகக் கடைக்காரனைத் திட்டினார். பிறகு புதியதைப் பிளாக்கின் மேல் வைத்துப் பார்த்தார். கச்சிதமாக உட்கார்ந்தது. பின்கோடியில், ஒரு பக்கத்தில் மட்டும், தண்ணீர் மேலே ஏறுவதற்காகப் பெரிய ஓட்டைகள் இரண்டு உண்டு. அவை திறந்தே இருந்தன. அதை எடுத்துவிட்டுப் பழையதை, எப்படி உரித்தாரோ அப்படியே திரும்ப வைத்தார். அந்த இரண்டு ஓட்டைகளும் மூடிக்கொண்டன. தகட்டில் அந்த இடத்தில் மட்டும் இரண்டு வட்டமான துருத் தழும்பு. வெளியே போக வழியில்லாமல் தண்ணீர் முட்டி முட்டி நின்ற இடம்.

அவர் கேஸ்கட்டைப் புரட்டிப் போட்டார். இப்போது எல்லாம் சரியாகப் பொருந்தியது. மேலே வர வேண்டிய பக்கம் எது என்று காட்டுகிற அச்சுக்குறி, இத்தனை வருஷமும் கீழே முகம் புதைத்துக் கிடந்ததால், அழுக்குப்படாமல் பளிச்சென்று தெரிந்தது.

அந்த என்ஜினை அதற்கு முன் திறந்த கை ஒன்றே ஒன்றுதான். சந்தேகத்துக்கும் இடமில்லாமல், ஓரத்தில் தடவியிருந்த பசை காய்ந்து இறுகியிருந்த இடத்தில் ஒரு கட்டைவிரல் பதிந்திருந்தது. லென்ஸ் அரைக்கிற சக்கரத்தில் பட்டு நடுவே வெட்டுத் தழும்பு விழுந்த கட்டைவிரல். அவர் தன் விரலை அதன் மேல் வைத்துப் பார்க்கக்கூட இல்லை.

ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். கடைத்தெரு வரைக்கும் போய்வருகிற ஓட்டத்தில் என்ஜின் சூடாவதற்குள் வீடு வந்துவிடும். அதனால்தான் அவர் ஓட்டியவரைக்கும் ஒன்றும் தெரியவில்லை. மலை ஏறினால்? யார் ஓட்டியிருந்தாலும் கொதித்திருக்கும். முள்ளைப் பார்த்தாலும் கொதித்திருக்கும், பார்க்காவிட்டாலும் கொதித்திருக்கும்.

"என்ன, ஷெட்டுல பேச்சு மூச்சைக் காணோம்?" என்று டீ டம்ளரோடு வீட்டம்மா வந்தாள். ரேஸ்காரர் சடாரென்று கேஸ்கட்டை எடுத்து அலமாரிக்குப் பின்னால் செருகினார்.

"ஏன் திருடன் மாதிரி முழிக்கிறீங்க?"

"முழிக்கல. தூசி."

"எதையாவது உடைச்சுட்டீங்களா?"

"ஒண்ணும் உடையல. எல்லாம் நல்லாத்தான் இருக்கு."

"நல்லா இருந்தா உங்க மூஞ்சி ஏன் இப்படி இருக்கு?" அவள் டம்ளரை வைத்துவிட்டு, பிரிந்து கிடக்கிற என்ஜினை ஒரு பார்வை பார்த்தாள். "மாட்டுறது ரெண்டு ஆள் வேலைன்னு அப்பல்லாம் நீங்கதானே சொல்வீங்க? தம்பி வீட்டுலதான் இருக்கான். கூப்பிட்டா வந்துடுவான்."

"வேணாம்."

"அவன் வரமாட்டேன்னு சொல்ல மாட்டான்."

"வேணாங்கறேன்ல!"

வருவான் என்பதுதான் அவருக்கு இப்போது பயமே. வந்தால் பார்ப்பான். படம் வரைகிற கண். ஓட்டை எங்கே இருக்கிறது, எங்கே இல்லை என்று அதற்கு யாரும் சொல்லித்தர வேண்டாம்.

அதற்காக ரேஸ்காரரைக் கல்நெஞ்சக்காரர் என்று நினைத்துவிடக் கூடாது. மச்சினனிடம் சொல்லிவிட வேண்டுமென்று அந்த ஸ்டூலில் உட்கார்ந்திருந்தபோதே முடிவு செய்துவிட்டார். ஆனால் எப்படிச் சொல்வது என்கிற இடத்தில் பழைய படம் குறுக்கே வந்தது. வண்டி ஓட வேண்டும். ஓட்டிக்கொண்டு போய், கதவைத் திறந்து, "வா மாப்ளே, ஏறு" என்று மலைப்பாதை வரைக்கும் கூட்டிக்கொண்டு போய், அங்கே வைத்து, தனியாக, நிதானமாகச் சொன்னால்? கேட்கிறவனுக்கும் மனசு குளிரும், சொல்கிறவனுக்கும் மரியாதை மிஞ்சும். மன்னிக்கப் போகத்தான் வண்டி தேவை, மன்னிப்புக் கேட்க நடந்து போனாலே போதும் என்பது அவருக்குத் தெரியாமலில்லை. தெருக்கோடி என்ன, கூப்பிடு தூரம்.

ஆக, ஹெட்டை இறக்க அவர் கூப்பிட்டது சலூன்காரரை. கடையில் கூட்டமில்லாத நேரமாகப் பார்த்து, தோளில் துண்டோடே அவர் வந்து சேர்ந்தார். கூலி வேண்டாம், செய்தி போதும் என்கிற ஜாதி.

"நேரா இறக்கணும். சாய்ஞ்சா கேஸ்கட் நகந்துடும். மூச்சுப் பிடிச்சுக்கோங்க."

"தலை விஷயம் எனக்கா சொல்லணும்? தினம் எத்தனை தலையைப் பிடிக்கிறேன்" என்றார் சலூன்காரர். இரண்டு பேரும் முக்கி முனகி, ஹெட்டை அங்குலம் அங்குலமாக இறக்கினார்கள். அது உட்கார்ந்த பிறகு சலூன்காரர் துண்டால் கையைத் துடைத்துக்கொண்டு, பெருமூச்சு விட்டார்.

"கொதிப்பு பண்ணிவச்ச வேலைக்கு, இந்த வயசுல நீங்க கிடந்து கஷ்டப்படுறீங்க, பாருங்க. வேற ஆளா இருந்தா அன்னிக்கே ரெண்டு வச்சிருப்பான்."

ரேஸ்காரரின் கையில், நட்டை அளவு பார்த்து இறுக்குகிற டார்க் ரெஞ்ச் இருந்தது. நட்டுகளை நடுவிலிருந்து ஆரம்பித்து, மாற்றி மாற்றி, ஓரத்தை நோக்கி இறுக்கிக்கொண்டு போக வேண்டும். ஒரே மூச்சில் இறுக்கிவிடக் கூடாது. முதலில் லேசாக, அப்புறம் இன்னும் கொஞ்சம், அப்புறம் முழுசாக. சொல்வதற்கு அதைவிட நல்ல சந்தர்ப்பம் கிடைக்காது. அலமாரி கைக்கெட்டுகிற தூரத்தில்தான். தகட்டை உருவி இந்த மனுஷன் மடியில் போட்டிருந்தால், பொழுது இறங்குவதற்குள் ஊர் முழுக்கத் தெரிந்திருக்கும். கெடுத்த வாயே திருத்தியும் இருக்கும்.

"ம்" என்றார் ரேஸ்காரர். அவ்வளவுதான். நடு நட்டில் ரெஞ்சை மாட்டினார்.

அந்த "ம்" பின்னால் அவரை எத்தனை தடவை எழுப்பிவிட்டதோ, அது அவருக்கும் தலையணைக்கும்தான் தெரியும்.

மீதி வேலையை அவர் தனியாகவே முடித்தார். குழாய்களைப் பூட்டினார், புது எண்ணெய் ஊற்றினார், தண்ணீர் நிரப்பினார். பாட்டரி மட்டும் செத்துக் கிடந்தது. மறுநாள் புதிது வந்துவிடும். வந்ததும் கிளப்பிப் பார்த்துவிட்டு நேராகத் தெருக்கோடிக்கு. வீட்டம்மாவிடம்கூட, "நாளைக்கு உன் தம்பி வீட்டுக்குப் போறேன்" என்று சொல்லிவைத்தார். அவள் நம்பிக்கையில்லாமல் தலையாட்டினாள்.

மறுநாள் காலையில் அவர் பல் விளக்கிக்கொண்டிருக்கும்போது தெருவில் லாரி ஹாரன் கேட்டது. லாரிக்காரனுக்கு வழியில் வேறு சரக்கு கிடைத்துவிட்டதாம். சொன்ன நாளுக்கு முந்தின நாளே வந்து நிற்கிறான். வீட்டம்மா தலையைக்கூட வாராமல் ஓடினாள். ரேஸ்காரர் ஷெட்டுக்குள் போய், பாட்டரி இல்லாத வண்டியை ஒரு தரம் பார்த்தார். அலமாரிக்குப் பின்னாலிருந்து கேஸ்கட்டை உருவிக்கொண்டு, பனியனும் லுங்கியுமாகத் தெருவில் நடந்தார். வருஷக்கணக்கில் அந்தத் திசையில் நடந்திராத கால்கள்.

கட்டிலும் பீரோவும் ஏறிவிட்டன. வாத்தியார் வெள்ளைச் சட்டையில், சுருட்டிய படத்தாள்களைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு லாரிப் பக்கத்தில் நின்றிருந்தார். அக்கா அழுதுகொண்டிருந்தாள். சலூன்காரர், பக்கத்து வீட்டுக்காரர்கள் என்று வழியனுப்ப ஒரு கும்பல்.

"மாப்ளே" என்றார் ரேஸ்காரர். குரல் அவருக்கே புதிதாக இருந்தது.

வாத்தியார் திரும்பினார். "வாங்க மாமா. கையெல்லாம் கரியா இருக்கே. கட்டிப்பிடிச்சிடாதீங்க, வெள்ளைச் சட்டை."

ரேஸ்காரர் அவரை லாரிக்கு அந்தப் பக்கமாக, கும்பலின் கண்ணுக்கு மறைவாகத் தள்ளிக்கொண்டு போனார். குரலைத் தாழ்த்தினார்.

"அந்த வண்டி… நீ கெடுக்கல. இதை நான்தான் தலைகீழாப் போட்டிருந்தேன். தண்ணி போற ஓட்டையை அடைச்சுட்டேன். இப்பத்தான் பிரிச்சப்போ தெரிஞ்சுது."

வாத்தியார் படத்தாள்களை லாரிப் படியில் வைத்துவிட்டுக் கேஸ்கட்டைக் கையில் வாங்கினார். வெள்ளைச் சட்டையை மறந்துவிட்டார். துருத் தழும்பைச் சுற்றி ஆள்காட்டி விரலால் மெல்ல ஒரு வட்டம் போட்டார்.

"இங்கயா?"

"அங்கதான்."

"நான் முள்ளைப் பாத்துட்டேதான் போனேன் மாமா."

"தெரியுது."

"அடிவாரத்துலருந்து பாத்துட்டே போனேன். ஒரு வளைவுல திடீர்னு ஏறிச்சு. ஓரங்கட்டுறதுக்குள்ள பொங்கிடுச்சு."

"தெரியுது மாப்ளே."

"அவளும் சொன்னா." வாத்தியார் தகட்டிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "நீங்க முள்ளைப் பாத்துக்கிட்டேதான் வந்தீங்க, நான் பக்கத்துலயே உக்காந்திருந்தேனே, உங்க மேல தப்பில்லன்னு சொல்லுவா. அடிக்கடி சொல்லுவா. நான்தான் நம்பல. மாமா என்ஜினைப் பிரிச்சுப் பூட்டின ஆளு, அவர் சொன்னா சரியாத்தான் இருக்கும், நான் எங்கேயோ அசந்திருப்பேன்னு அவ வாயை அடைச்சுடுவேன். அப்புறம் சின்னதா ஒரு வண்டி வாங்கலாம்னு கேட்டுக்கிட்டே இருந்தா. எனக்குத் தைரியம் வரல. நமக்கு வண்டி ஓட்ட வராதுன்னே வச்சுட்டேன். எங்க போனாலும் பஸ்தான். கடைசியா ஆஸ்பத்திரிக்குப் போனதும் பஸ்ஸுலதான். என் தோள்ல சாஞ்சுட்டு வந்தா."

ரேஸ்காரருக்கு அந்தச் சாவு வீட்டு வாசலில் செருப்புகளுக்கு நடுவே நின்றது ஞாபகத்துக்கு வந்தது.

"அவகிட்ட இப்ப நான் எப்படிப் போய்ச் சொல்லுவேன் மாமா? நீ சொன்னதுதான் சரின்னு?"

லாரிக்காரன் ஹாரனை அடித்தான். வாத்தியார் கேஸ்கட்டைத் திருப்பிக் கொடுத்தார். சட்டையில் நீளமாக ஒரு கருப்புக் கோடு விழுந்திருந்தது. படத்தாள்களை எடுத்துக்கொண்டு ஏறப் போனவர், நின்றார்.

"அன்னிக்குத் தெருவுக்கே கேக்கிற மாதிரி சொன்னீங்க. இன்னிக்கு ஏன் மாமா இவ்வளவு மெதுவாப் பேசுறீங்க?"

கோபமாகக் கேட்டிருந்தால் தேவலை. பிள்ளைகளிடம் கைப்பிடி ஏன் கோணலாக இருக்கிறது என்று கேட்பாரே, அந்தக் குரல். ரேஸ்காரர் வாயைத் திறப்பதற்குள் வாத்தியார் ஏறிக்கொண்டார், லாரி கிளம்பிவிட்டது. தெருமுனையில் அது திரும்பும்போது சலூன்காரர் கையை உயர்த்தி, "கொதிப்பு சார், நல்லபடியாப் போய்ட்டு வாங்க!" என்று கத்தினார். ஜன்னலிலிருந்து ஒரு கை வெளியே வந்து அசைந்தது.

பாட்டரி வந்தது. வண்டி முதல் சாவியிலேயே கிளம்பியது. கொஞ்சம் புகைந்தது, இருமியது, அப்புறம் கிண்ணென்று ஓடியது. ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டம்மாவை ஏற்றிக்கொண்டு மலைப்பாதையில் போனார். வளைவுக்குப் பின் வளைவு. முள் நடுவில் நின்றது நின்றபடியே இருந்தது. அவளிடம் எல்லாவற்றையும் அன்றைக்குத்தான் சொன்னார். அவள் வெளிப்பக்கமாகத் திரும்பி உட்கார்ந்துகொண்டாள். ரொம்ப தூரம் போன பிறகு, "உங்க கையால பூட்டின என்ஜின்ங்கறதாலதான், அன்னிக்கு நானும் உங்க பக்கமே நின்னேன்" என்றாள். உச்சி வரைக்கும் அவர்கள் போகவில்லை.

மறுநாள் ரேஸ்காரர் சலூனுக்குப் போனார். சவரம் தள்ளிப்போடலாம், இது தள்ளிப்போடுகிற காரியமில்லை. காத்திருக்கிற பெஞ்சு நிறைய ஆள் இருக்கிற நேரமாகப் பார்த்துத்தான் போனார். நாற்காலியில் உட்கார்ந்து, கழுத்தில் துணி கட்டி, முகத்தில் சோப்பு நுரை ஏறியதும், கண்ணாடியில் தெரிகிற எல்லாருக்கும் கேட்கிற மாதிரி ஆரம்பித்தார்.

"எல்லாரும் கேட்டுக்கோங்க. என் வண்டியை மச்சினன் கெடுக்கல. கேஸ்கட்டைத் தப்பா மாட்டினது நான். அவன் மேல வீண்பழி போட்டேன்."

சலூன்காரரின் கத்தி அந்தரத்தில் நின்றது. பெஞ்சில் செய்தித்தாள் தாழ்ந்தது. பிறகு சலூன்காரர் உச்சுக் கொட்டினார்.

"பாத்தீங்களாய்யா? மனுஷன்னா இவர் மனுஷன்! ஊரை விட்டுப் போன மச்சினனை விட்டுக்கொடுக்காம, பழியைத் தன் தலையில போட்டுக்கிறார்."

"ஐயோ, நிஜமாத்தான் சொல்றேன். தகடு வீட்டுலதான் இருக்கு, வேணும்னா எடுத்துட்டு வந்து காட்டுறேன்."

"நீங்க ஏன் காட்டணும்? இந்தக் கையா தப்பா மாட்டும்? நான்தானே கூட நின்னு பாத்தேன், ஒரு நட்டுக்கு எவ்வளவு நேரம் பாக்குறீங்கன்னு."

பெஞ்சிலிருந்த தையல்கடைக்காரர் கண்ணையே துடைத்துக்கொண்டார். "சொந்தம்னா இப்படி இருக்கணும். கொதிப்பு குடுத்து வச்சவர்."

"அவன் பேரு கொதிப்பு இல்லய்யா" என்று ரேஸ்காரர் வேகமாகத் தலையை ஆட்டினார்.

"ஆட்டாதீங்க, ஆட்டாதீங்க, கத்தி பட்டுடும்" என்று சலூன்காரர் அவர் நெற்றியில் கையை வைத்து, தலையை நாற்காலியோடு சேர்த்து மெல்ல அழுத்திப் பிடித்துக்கொண்டார்.